நிலத்தை விற்க வேண்டாம், பழத்தை விற்கலாம்

ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகி இந்த இதழுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். சில்வர் ஓக் நிழலில் காப்பி, சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகு, வேலி ஓரம் பலா, இரண்டு பட்டர் ஃப்ரூட் மரம், கொஞ்சம் கொய்யா, வீட்டை ஒட்டிக் கேழ்வரகும் அவரையும். பக்கத்து வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தம்பதி, மூன்று வயதுக் குழந்தையோடு இந்த மலையிலேயே குடியேற விரும்புகிறார்களாம். சமைத்த உணவை விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் பழம் மட்டும் சாப்பிட்டு வாழ்வது அவர்கள் எண்ணம். அவர்கள் நாட்டுக் குளிரில் அது முடியாது, இங்கே முடியும் என்கிறார்கள். நிலத்தை நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். விற்க மனமில்லை என்றால் காப்பியையும் சில்வர் ஓக்கையும் எடுத்துவிட்டு முழுக்கப் பழமரம் வைத்துத் தரச் சொல்கிறார்கள். இன்னொரு யோசனையும் சொன்னார்களாம்: பணம் அவர்களுடையது, பத்திரம் வாசகியின் பெயரில், பக்கத்து நிலத்தை வாங்கிப் போடுவது.

வாசகியின் தம்பி கொடுத்துவிடலாம் என்கிறார். கணவருக்கு மனம் ஒப்பவில்லை. பதினைந்து வயது மகனோ, "நாமும் சோற்றை விட்டுப் பழத்துக்கு மாறலாம்" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறான். அந்த வாசகி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் பழம் தருமா? பழம் மட்டும் சாப்பிட்டால் உடம்பு தாங்குமா? நிலத்தைக் கொடுப்பதில் சிக்கல் உண்டா? மலைக்கிராமங்களில் நிலம் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்விகள் இன்று வருகின்றன என்பதால் பதில் சற்று விரிவாகவே தரப்படுகிறது.

இந்த மலைக்கு வந்தவர்கள்

சேர்வராயன் மலைக்குக் குடிவருவது புதிய சங்கதி இல்லை. இம்மலையின் மலையாளி பழங்குடியினரே காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. மூத்தவர் சேர்வராயனுக்கு வந்தார், மற்றவர்கள் கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் போனார்கள் என்பார்கள். மலைமேல் அவர்கள் நம்பியது சாமை, கேழ்வரகு, அவரை, மொச்சை. காட்டுப் பழம் கிடைத்தபோது தின்றார்கள். பசிக்குத் தானியம் வைத்திருந்தார்கள்.

அடுத்து வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் தம் கிரேஞ்ச் எஸ்டேட்டில் காப்பியையும், ஆப்பிள், பேரி, லக்கோட்டா போன்ற பழமரங்களையும் வைத்துப் பார்த்தார். இன்று ஏற்காட்டுப் பழம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிக் குடிவந்த மரங்கள்தான். பட்டர் ஃப்ரூட்டும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. பேரியும் ஆப்பிளும் குளிர்நாட்டு மரங்கள். காக்பர்ன் காலத்திலிருந்து தோட்டம் போட்ட துரைமார் யாரும் பழத்தை நம்பி அடுப்பை அணைக்கவில்லை. பழம் மேசைக்கு, காப்பி வருமானத்துக்கு, அரிசியும் கோதுமையும் கீழே இருந்து வண்டியேறி வந்தன.

பழத்துக்காகவே வெப்பநாடு தேடிப் போனவர்களும் உண்டு. ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் பிறந்த ஆகஸ்ட் எங்கல்ஹார்ட் 1902-ல் பசிபிக் கடலில் இன்றைய பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கபாகோன் என்ற சிறு தீவுக்குப் போனார். சூரியனுக்கு மிக அருகில் காய்க்கும் தேங்காய்தான் மனிதனுக்கு முழு உணவு என்பது அவர் கொள்கை. தென்னந்தோப்பு வாங்கினார், தேங்காயை மட்டுமே உண்டார், தம்மோடு வந்து வாழும்படி ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதினார். சிலர் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் சில வாரங்களில் இறந்தார்; அடுத்த ஆண்டில் இன்னொருவரும் இறந்தார். எங்கல்ஹார்ட்டையே ஒரு கட்டத்தில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போது அவர் எடை 39 கிலோ. 1919-ல் இறந்தார். தேங்காய்க்கு அந்தத் தீவில் பஞ்சமே இருந்ததில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே 1910-ல் அவருடைய நண்பர் காலன்பாக் வாங்கிக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை உருவானது. ஆரஞ்சு, பிளம்ஸ், ஆப்ரிகாட் என ஏறக்குறைய 1,000 பழமரங்கள் அங்கே இருந்தன. சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன; அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 1912-ல் காந்தியும் காலன்பாக்கும் பாலை விட்டார்கள். பிறகு வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று மாறினார்கள். ஆனால் அதே பண்ணையின் பொதுச் சமையலறையில் மற்றவர்களுக்குச் சோறும் பருப்பும் காய்கறியும் ரொட்டியும்தான். ஆயிரம் பழமரம் நின்ற இடத்திலும் குழந்தைகளுக்கு அடுப்பு எரிந்தது.

1914-ல் இலண்டனில் காந்திக்கு நுரையீரல் உறையில் அழற்சி வந்தது. 1918-ல் கடுமையான சீதபேதி. உடம்பு தேறவே இல்லை. பசும்பால், எருமைப்பால் குடிப்பதில்லை என்று விரதம் இருந்தவர், 1919 தொடக்கத்தில் கஸ்தூரிபாயின் யோசனையால் ஆட்டுப்பாலுக்கு ஒப்புக்கொண்டார். அது தம் மனதை உறுத்திக்கொண்டே இருப்பதாகவும், பாலுக்கு ஈடான தாவர உணவு தமக்குக் கிடைக்கவில்லை என்றும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மனவுறுதிக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. அவருக்கே உடம்பு வேறு கணக்குச் சொன்னது.

தமிழ்நாட்டிலும் சமைக்காத உணவை வலியுறுத்தும் இயக்கங்கள் உண்டு. பொதிகை அடிவாரத்துச் சிவசைலத்தில் உள்ள நல்வாழ்வு ஆசிரமம் பலருக்கும் தெரிந்த பெயர். தேங்காயும் பழமும் சில நாள் சாப்பிட்டு உடம்பு இலேசானது என்று சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வயது வந்த ஒருவர் சில நாள் அப்படி இருப்பது ஒன்று. மூன்று வயதுக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருப்பது வேறு.

ஒன்றரை ஏக்கர் தருமா?

இதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது. பழத்தில் வயிறு நிறையக்கூடியதும், ஆண்டு முழுவதும் கிடைக்கக்கூடியதும் வாழை என்பதால் வாழையை வைத்தே பார்ப்போம்.

சாதாரண வேலை செய்யும் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 2,000 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். தோட்ட வேலை செய்பவருக்கு இன்னும் கூடுதல் வேண்டும். 100 கிராம் வாழைப்பழச் சதையில் ஏறக்குறைய 90 கலோரி. அப்படியானால் நாளுக்கு 2.2 கிலோ சதை தேவை. தோலோடு எடை போட்டால் சுமார் 3.3 கிலோ. கணவன், மனைவி, குழந்தையை அரை ஆள் என்று சேர்த்தால் நாளுக்கு 8 கிலோவுக்கு மேல். ஆண்டுக்கு 3,000 கிலோ.

மலைவாழைத் தார் சராசரியாக 10 கிலோ என்று வைத்தால் 300 தார். 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 310 வாழை வைக்கலாம். ஆனால் மலைவாழை தார் தர 14 மாதம் வரை ஆகும். ஆகவே இந்த ஒரு சிறு குடும்பத்தின் வாய்க்கு மட்டும் ஒரு ஏக்கருக்கு மேல் வாழை வேண்டும். காற்றில் சாய்வது, குரங்கு பறிப்பது, காட்டெருமை மிதிப்பது எல்லாம் இதற்கு வெளியே. ஒரு வாரம் பத்துத் தார் ஒன்றாகப் பழுப்பதும், அடுத்த இரண்டு வாரம் ஒன்றும் பழுக்காததும் வாழை வைத்தவர்களுக்குத் தெரியும்.

நோயையும் மறக்கக்கூடாது. பழனி மலையின் விருப்பாட்சி வாழை 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்தது. முடிக்கொத்து நோய் பரவி அது சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. ஒரே பயிரை நம்பிய மலைக்குக் கிடைத்த பாடம் அது. தென்னிந்திய மலைகளின் கமலா ஆரஞ்சும் பசுமை நோய், வேரழுகல், நூற்புழு என்று பலவும் சேர்ந்து நலிந்த பயிர்தான். ஏற்காட்டில் பெரியவர்களைக் கேட்டால் ஆரஞ்சு வண்டி வண்டியாக இறங்கிய காலத்தைச் சொல்வார்கள்.

மற்றப் பழங்களைச் சேர்த்தால் சரியாகிவிடுமா? மலையில் பழம் வரும் மாதங்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். உயரத்தையும் மழையையும் பொறுத்துச் சில வாரம் முன்பின் ஆகும்.

சித்திரை முதல் ஆடி வரை பலா. ஆனி, ஆடியில் நாவல். ஆடி முதல் புரட்டாசி வரை பேரியும் பட்டர் ஃப்ரூட்டும். கொய்யா இரண்டு போகம். ஆரஞ்சின் பெரிய போகம் மார்கழி முதல் மாசி வரை. மாசிக் கடைசியும் பங்குனியும் வறண்ட மாதங்கள். மரத்தில் பூவும் பிஞ்சும் இருக்கும், பழம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இருக்கும் பழமும் நீர்கோத்து ருசி குறையும், கொய்யாவில் பழ ஈ புழு வைக்கும். ஆண்டில் மூன்று நான்கு மாதம் வாழையைத் தவிர வேறு பழம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. அந்த மாதங்களில் இந்த மலையின் முன்னோர் கேழ்வரகையும் உலர்த்தி வைத்த மொச்சையையும் எடுத்தார்கள். பழத்தைக் குதிரில் போட்டு வைக்க முடியாது. குடும்பத்தைக் காப்பாற்றும் பயிருக்கு, சேமித்து வைக்க முடிவது ஒரு முக்கியமான குணம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஒட்டுக்கட்டிய பட்டர் ஃப்ரூட் காய்க்க மூன்று நான்கு ஆண்டு, விதைக்கன்று என்றால் இன்னும் பல ஆண்டு. பலா விதைக்கன்றுக்கு ஏழெட்டு ஆண்டு. பதியன் கொய்யாவுக்கு இரண்டு மூன்று ஆண்டு. இருக்கும் காப்பியை எடுத்துவிட்டால் அத்தனை ஆண்டும் வருமானமும் இல்லை, பழமும் இல்லை. இதற்கிடையில் அவர்கள் மனம் மாறி ஊருக்குத் திரும்பிவிட்டால் மொட்டைச் சரிவு மட்டும் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சும். நிழல்மரம் எடுத்த மலைச்சரிவில் முதல் மழையிலேயே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி மலையில் மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் தம்பிக்குச் சொல்ல வேண்டும். சொந்தப் பட்டா நிலம் என்றாலும் அப்படித்தான்.

ஆக, ஒன்றரை ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் பழம் தரும். அந்தப் பழமே மூன்று வேளை உணவாக இருக்குமா என்றால், இருக்காது.

உடம்பு தாங்குமா?

மேலே சொன்ன 2.2 கிலோ வாழைப்பழத்தில் புரதம் சுமார் 24 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். வயிறு முட்டத் தின்றும் பாதிதான் சேர்கிறது. ஆரஞ்சு, கொய்யாவில் வைட்டமின் சி அதிகம்; புரதம் அதேபோலக் குறைவு. பட்டர் ஃப்ரூட்டில் நல்ல கொழுப்பு உண்டு. 100 கிராமில் புரதம் 2 கிராம்தான்.

இதைவிட மறைவான ஆபத்து பி-12 வைட்டமின். பழம், காய், தானியம் எதிலும் அது கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. பெரியவர்களின் கல்லீரலில் சில ஆண்டுக்கான இருப்பு இருக்கும் என்பதால் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு ஒன்றும் தெரியாது. "பார்த்தீர்களா, நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று சொல்வது இந்தக் காலத்தில்தான். பிறகு கைகால் மரத்துப்போகும், சோகை வரும், மறதி வரும். நரம்புக் கோளாறு முற்றிவிட்டால் முழுதும் திரும்பாமலும் போகலாம். குழந்தைக்கு அந்த இருப்பும் குறைவு, தேவையோ அதிகம். வளரும் பிள்ளைக்குப் புரதம், சுண்ணாம்புச் சத்து, இரும்பு, துத்தநாகம் குறைந்தால் உயரமும் எடையும் நிற்கும். இந்த முடிவில் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாதவர் அந்த மூன்று வயதுக் குழந்தை ஒருவர்தான்.

அந்தத் தம்பதியிடம் இதை வாக்குவாதமாகச் சொல்ல வேண்டியதில்லை. "பாப்பாவை ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்துக்கொண்டு வருவோம், கூடவே நானும் வருகிறேன்" என்று அக்கம்பக்கத்து உரிமையோடு அழைத்துப் போகலாம். எடையும் உயரமும் குறித்த அட்டை பெற்றோரிடம் தானாகப் பேசும்.

மகனுக்கும் ஒரு பதில் வேண்டும். பழம் பக்கம் அவன் மனம் திரும்பியது நல்லது. அதை அடக்க வேண்டாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரித் தட்டுக்குச் சொல்லும் அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி, கொட்டை வகை 35 கிராம், பழம் 100 கிராம். மலையில் பழம் விளைவிக்கும் பல வீடுகளில் நல்ல பழமெல்லாம் வண்டியேறிவிடும். அடிபட்டதும் அணில் கடித்ததும்தான் பிள்ளைகளுக்கு. நாளுக்கு ஒரு கொய்யாவை வீட்டுக்கென்று எடுத்து வைத்தாலே அந்த 100 கிராம் சரியாகிவிடும். பலாக்கொட்டையை அவித்துக் கொடுத்தால் புரதமும் கொஞ்சம் சேரும். அதற்குமேல் கேழ்வரகுக் களி, அவரைக் குழம்பு, முட்டை அல்லது பால் இருக்கட்டும். பதினைந்து வயது என்பது எலும்பு நீளும் வயது.

நிலம் சம்பந்தமாக

இந்தப் பகுதியை வாசகியின் தம்பி கட்டாயம் படிக்க வேண்டும்.

வெளிநாட்டுக் குடிமக்கள் இந்தியாவில் விவசாய நிலம், தோட்டநிலம், பண்ணைவீடு விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்ட விதிகள் இடம் தரவில்லை. வெளிநாடு வாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும்கூட ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் விவசாய நிலம் வாங்க முடியாது. ஆகவே நேரடியாகக் கிரயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"பணம் எங்களுடையது, பத்திரம் உங்கள் பெயரில்" என்பது பினாமி. 1988-ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம் 2016-ல் கடுமையாக்கப்பட்டது. சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் உண்டு. பெயர் கொடுத்தவர்மீதும் வழக்கு வரும். அன்பாகக் கேட்கிறார்கள், பழகியவர்கள் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடக்கூடாது.

சொந்த நிலத்தின் தன்மையையும் பார்க்க வேண்டும். மலைக்கிராமத்தில் ஒரே குடும்பத்திடம் மூன்று விதமான நிலம் இருக்கக்கூடும். ஒன்று, பரம்பரைப் பட்டா. இரண்டு, அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா. இதில் யாருக்கு, எப்போது கைமாற்றலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருக்கும். மூன்று, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த உரிமை. இது வாரிசுக்குப் போகும், விற்கவோ வேறு ஒருவருக்கு மாற்றவோ முடியாது. பட்டா, சிட்டா, அடங்கலை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் எது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாகத் தகவல் தர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இதைச் செய்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே தொழில் நடத்தவும் முடியாது.

எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பும் சேலத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வாசகிக்கு இரண்டு வகையிலும் அந்த உரிமை இருக்கலாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

அந்தத் தம்பதியை விரட்ட வேண்டியதில்லை. பழம் தின்ன ஆசைப்பட்டு ஒரு குடும்பம் ஊருக்குள் வந்திருப்பது, பழம் விளைவிப்பவருக்கு வாசலிலேயே வந்த சந்தை. நிலத்தை விற்காமல் பழத்தை விற்கலாம்.

வாரம் இருமுறை ஒரு கூடை என்று பேசிக்கொள்ளலாம். ஒரு வீட்டால் முடியாது என்பதை மேலே பார்த்தோம். நாலைந்து வீடு சேர்ந்தால் முடியும். ஒருவரிடம் வாழை, ஒருவரிடம் பலா, ஒருவரிடம் கொய்யா, ஒருவரிடம் ஆரஞ்சு. மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று பொறுப்பெடுத்தால் எடை, விலை, கணக்கு எல்லாம் சரியாக நடக்கும். விலையைச் சேலம் சந்தை நிலவரத்தைப் பார்த்து மாதத்துக்கு ஒருமுறை பேசி முடிவுசெய்யலாம். இடைத்தரகும் வண்டி வாடகையும் இல்லாததால் இரு பக்கமும் இலாபம். இதே கூடை ஏற்காட்டுக்கு வரும் விருந்தினர் விடுதிகளுக்கும் போகலாம்.

தோட்டத்தில் காப்பியும் மிளகும் சில்வர் ஓக்கும் அப்படியே இருக்கட்டும். பழத்துக்கு என்று கூடுதலாகச் செய்ய வேண்டியவை இவை:

காப்பிச் செடி செத்துக் காலியான இடங்களிலும், வீட்டை ஒட்டிய 20 சென்ட்டிலும் மட்டும் புதுக் கன்று வைக்கவும். மாதவாரியாக எந்தப் பழம் இல்லையோ அதைப் பார்த்துத் தேர்வு செய்யவும். பலா ஏற்கெனவே இருப்பதால் மேலும் பலா வேண்டாம். கொய்யா, வாழை, ஆரஞ்சு, பேஷன் ஃப்ரூட் நல்லது.

பட்டர் ஃப்ரூட் தண்ணீர் தேங்கும் இடத்தில் நிற்காது, வேரழுகல் வந்துவிடும். சரிவில், வடிகால் நன்றாக உள்ள இடத்தில், ஒட்டுக்கன்றாக வைக்கவும். மரம் காற்றில் ஒடியும் என்பதால் சில்வர் ஓக் வரிசைக்கு உள்பக்கம் இருக்கட்டும்.

ஆரஞ்சுக்கு நோயில்லாத தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்று மட்டும் வாங்கவும். தெருவில் கூவி விற்கும் கன்றை வாங்கினால் பசுமை நோயையும் சேர்த்து வாங்குவதாகும்.

வாழைக்குப் பக்கக்கன்று எடுக்கும்போது முடிக்கொத்து இருக்கும் தோட்டத்தை விட்டு விலகவும். இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நிற்கும் மரம் தென்பட்டால் கிழங்கோடு தோண்டி அழிக்கவும்.

கொய்யாவில் விழுந்த பழத்தைப் பொறுக்கிக் குழியில் புதைக்கவும். பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்டவும்.

கேழ்வரகும் அவரையும் இருக்கும் இடத்தைப் பழத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம். பங்குனி மாதத்தில் அதுதான் வீட்டுக்குச் சோறு.

மரம் தேர்வுக்கும் கன்றுக்கும் ஏற்காட்டில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும், வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையும் அணுகலாம். கன்று நட ஆடி, ஆவணி மழை ஏற்றது. குழியைச் சித்திரையிலேயே எடுத்து ஆறப்போட்டு, மக்கிய தொழுவுரம் கலந்து மூடி வைத்தால் முதல் மழைக்கு நட்டுவிடலாம். பத்திர வேலையை யாராவது அவசரப்படுத்தினால், குழி எடுக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடலாம்.